மீட்டர் யார் பெயரில்?

மலாயாவில் முதன்முதலாக மின்சாரம் வேலை செய்த இடம் ரவாங். 1894இல் அங்கிருந்த ஈயச் சுரங்கத்தில் தேங்கிய தண்ணீரை இறைக்க மின் பம்புகளை ஓடவிட்டவர்கள் இருவர். ஒருவர் லோக் இயூ, மற்றவர் கே. தம்புசாமிப் பிள்ளை. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலையும் பத்துமலைக் கோயிலையும் சொல்லும்போது தம்புசாமிப் பிள்ளையை நினைக்கிறோம். நாட்டுக்கு மின்சாரம் வந்த கதையிலும் அவர் பெயர்தான் முதல் வரியில் நிற்கிறது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். ரவாங்கிலிருந்து மேற்கே, காரில் ஒரு மணி நேரத்துக்குள், பத்தாங் பெர்ஜுந்தாய், ஈஜோக், புக்கிட் ரோத்தான் தோட்டங்கள் வந்துவிடும். அந்தத் தோட்டங்களின் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாழ்ந்த தமிழர்களில் பலர், தம்புசாமிப் பிள்ளையின் பம்பு ஓடி எண்பது ஆண்டுகள் கழிந்த பிறகும், மண்ணெண்ணெய் விளக்கில்தான் சோறு தின்றார்கள்.

எரிசக்தி இல்லாத சீமையாக இருந்திருந்தால் இதைப் புரிந்துகொள்ளலாம். வடசிலாங்கூர் அப்படிப்பட்ட இடமில்லை. ரவாங்குக்குப் பக்கத்தில் பத்து ஆராங் இருக்கிறது. 1915 முதல் 1960 வரை மலாயன் கொலியரீஸ் நிறுவனம் அங்கே நிலக்கரி வெட்டியது. ரயில்களும் ஈயச் சுரங்கங்களும் மின் நிலையங்களும் அந்தக் கரியில் ஓடின. சீனத் தொழிலாளர்களோடு இந்தியத் தொழிலாளர்களும் அதை வெட்டினார்கள். தெற்கே, ஜெராம் கடற்கரையைத் தாண்டினால், 1985 முதல் இயங்கும் காப்பார் மின் நிலையம் வரும். அது நாட்டின் பெரிய மின் நிலையங்களுள் ஒன்று. இடையில் தென்னமரம் தோட்டம். பெயரில் தென்னை இருந்தாலும், நாட்டிலேயே வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்ட தோட்டம் அது. நட்டவர் ஆன்ரி போக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர், ஆண்டு 1917. கரி, மின்சாரம், எண்ணெய் மூன்றும் இந்த ஒரே வட்டாரத்தில் பிறந்தன. அவற்றை வெட்டியும் அறுத்தும் கொடுத்தவர்களின் வீட்டுக்குள் அவை வந்து சேர்ந்தது மட்டும் மிகத் தாமதமாக.

வீடுகள் எவ்வளவு எரிசக்தி செலவிடுகின்றன என்று கணக்கிடுபவர்கள் முதலில் வருமானத்தைப் பார்க்கிறார்கள். பணம் கூடினால் யூனிட் கூடும், குறைந்தால் குறையும் என்பது பொதுவான கணக்கு. அது பொய்யில்லை. லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 86 நாடுகளின் தரவுகளை வைத்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், மேல் பத்து விழுக்காட்டினர் மொத்த எரிசக்தியில் சுமார் 39 விழுக்காட்டைச் செலவிடுவதாகவும், அடி பத்து விழுக்காட்டினருக்குக் கிடைப்பது 2 விழுக்காடு அளவே என்றும் கண்டார்கள். ஆனால் தோட்டத்து வீட்டை வருமானத்தை மட்டும் வைத்து அளந்தால் பாதி உண்மை தப்பிவிடும். அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. மீட்டர் யார் பெயரில் இருக்கிறது?

தோட்டத்தில் வளர்ந்த ஐம்பது வயதுக்காரர் யாரிடமாவது "எஞ்சின் லைட்டு" என்று சொல்லிப் பாருங்கள். சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். பொது மின்கம்பி வந்து சேராத தோட்டங்களில் நிர்வாகமே டீசல் எஞ்சின் வைத்திருந்தது. பொழுது சாய்ந்ததும் ஓடும். இரவு ஒன்பதோ பத்தோ ஆனால் நிற்கும். சில தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூட்டும் நேரத்துக்கு) முன் மறுபடி கொஞ்ச நேரம் ஓடும். செம்பனை ஆலை உள்ள தோட்டங்களில் நாரையும் ஓட்டையும் எரித்து ஆலை தனக்காக எடுத்த மின்சாரத்தில் ஒரு பங்கு பக்கத்து லயங்களுக்கும் வந்தது. மலை உச்சியில் துரை பங்களா, அதற்குக் கீழே கிராணி வீடுகள், பள்ளத்தில் லயம். வெளிச்சமும் அந்த வரிசையில்தான் இறங்கி வந்தது. பங்களாவில் குளிர்பதனப் பெட்டி ஓடிய காலத்தில் லயத்தில் ஓர் அறைக்கு ஒரு குண்டு பல்பு.

மின்சாரம் நேரம் பார்த்து வந்ததால் வாழ்க்கையும் நேரம் பார்த்தே நடந்தது. பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எஞ்சின் நிற்பதற்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் தொடர வேண்டும். தேர்வுக் காலத்தில் இரவு பதினொரு மணிவரை படிக்கும் பட்டணத்துப் பிள்ளையோடு இந்தப் பிள்ளையும் ஒரே தாளில் தேர்வு எழுதியது. இதை யாரும் மின்சாரக் கணக்கில் எழுதுவதில்லை. எழுத வேண்டும் என்கிறேன். அந்த இரண்டு மணி நேரம் ஒரு தலைமுறையின் கல்வியிலிருந்து கழிக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து வருமானத்தில் தெரிந்த இடைவெளியில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

விளக்கைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். அடுப்பைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. தோட்டத்து வீட்டில் மிக அதிகமாக எரிசக்தி தின்றது அடுப்புதான். அதைச் சுமந்தவர்கள் பெண்கள். பெரட்டுக்கு ஐந்தரைக்குப் போக வேண்டுமென்றால் மூன்றரை நாலுக்கு அடுப்பு மூட்ட வேண்டும். காலைப் பசியாறலும் மதியச் சோறும் ஒரே மூச்சில் ஆக வேண்டும். எரிந்தது பால்மரக் கட்டை. மறுநடவுக்காகப் பழைய ரப்பர் மரங்களைச் சாய்க்கும் காலத்தில் விறகுக்குப் பஞ்சமே இருக்காது. மற்ற காலத்தில் விழுந்த கிளைகள். வெட்டு முடிந்து வரும்போது பால் வாளி போன தோளில் விறகுக் கட்டு வரும். விறகுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் அது இலவசமுமில்லை. அதன் விலையைப் பெண்களின் முதுகும் கண்ணும் நெஞ்சும் கொடுத்தன.

அந்த விறகும் இரண்டு பக்கத்திலிருந்து பறிபோனது. 1960களில் தொடங்கி, ரப்பர் விலை சரியச் சரிய, தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. செம்பனைத் தண்டு நாரும் நீரும்; அடுப்புக்கு ஆகாது. இன்னொரு பக்கம், 1980களில் ரப்பர் மரத்தைப் பதப்படுத்தி மேசை நாற்காலி செய்து ஏற்றுமதி செய்யும் தொழில் பெருகியது. நேற்றுவரை விறகாகக் கிடந்த கட்டை விலையுள்ள மரமாகி லாரி ஏறிப் போனது. முதலாளிக்கு மரம் ஏற்றுமதிச் சரக்கான அன்றைக்கே தொழிலாளியின் அடுப்பு கடைக்குப் போக வேண்டியதானது. மண்ணெண்ணெய், பிறகு கேஸ். புகை குறைந்தது, அது பெரிய விடுதலை, மறுக்கவில்லை. ஆனால் கூலி உயர்வதற்கு முன்பே எரிபொருள் காசுக்கு வாங்கும் பொருளாகிவிட்டது. இன்று வீட்டுக்கான 14 கிலோ கேஸ் தோம்பு மானிய விலையில் 26 ரிங்கிட் 60 சென். பணக்கார வீட்டுக்கும் அதே விலை, தோட்டத்து வீட்டுக்கும் அதே விலை. சமமாகத்தான் தெரியும், மாதச் சம்பளத்தில் அது எத்தனையில் ஒரு பங்கு என்று கேட்கும்வரை.

சமூகப் பின்புலம் எப்படி மின்சாரமாக மாறுகிறது என்று பார்க்க விரும்புபவர் கோல சிலாங்கூரிலிருந்து உலு சிலாங்கூர்வரை ஒருமுறை வண்டியில் போனால் போதும். நான்கு வகைக் குடியிருப்புகள் அடுத்தடுத்து வரும். கரையோரத்தில் மலாய்க் கம்பங்கள், நெல்வயல்கள். அவசரகாலத்தில், 1950க்குப் பின் பிரிக்ஸ் திட்டத்தில் உருவான சீனப் புதுக்கிராமங்கள். பல புதுக்கிராமங்களில் மின் விளக்கு முதலில் எரிந்தது முள்வேலியைச் சுற்றித்தான். ஆனால் கம்பமும் கம்பியும் வந்துவிட்டதால் பின்னால் வீட்டுக்குள்ளும் வந்தது. உள்ளே போனால் ஃபெல்டா என்னும் அரசு நில மேம்பாட்டு வாரியத்தின் குடியேற்றங்கள். 1956இல் தொடங்கப்பட்ட ஃபெல்டாவின் சுங்கை டூசுன் திட்டம், இந்தோனேசிய அதிபர் வந்து பார்த்ததால் அவர் பெயரையே பெற்று இன்று ஃபெல்டா சுஹார்த்தோ. நான்காவது தோட்டம். ஃபெல்டாவில் பழம் அறுத்தவரும் தோட்டத்தில் பழம் அறுத்தவரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். ஒருவருக்கு நிலமும் வீடும் இருந்தன, மற்றவருக்கு இல்லை. ஃபெல்டாவுக்கும் கம்பத்துக்கும் சாலை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் அரசின் கிராமப்புற மேம்பாட்டுப் பணத்தில் வந்தன. தோட்டம் தனியார் நிலம். அரசுப் பணம் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டது. உள்ளே இருப்பவர்களைப் பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமை என்று சொல்லிவிட்டது. முதலாளியோ வீட்டை வேலையோடு கட்டிவைத்தார். வேலை போனால் வீடும் போகும், வீடு போனால் விளக்கும் போகும்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. தொழிலாளர் வீட்டுத் தரங்களுக்கு 1966இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டம், 446ஆம் எண் சட்டம், குழாய்த் தண்ணீரும் போதிய மின்சாரமும் தருவது முதலாளியின் கடமை என்கிறது. அதனால் பல லயங்களில் 24 மணி நேர மின்சாரம் வந்தது உண்மை. ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி மின்சாரத்தைப் பெறுபவர். மின் நிறுவனமான தெனாகாவின் வாடிக்கையாளர் இல்லை. பல தோட்டங்களில் தெனாகாவின் மீட்டர் கம்பெனியின் பெயரில் நிற்கிறது. உள்ளே வீடுவீடாகப் பிரித்துக் கணக்குப் போட்டுச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். தொழிலாளி பார்ப்பது செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) ஒரு பிடித்தத் தொகையை. பில்லை இல்லை.

இதில் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். யார் பெயரில் இருந்தால் என்ன, பல்பு எரிகிறதே! கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் புதிய மின் கட்டணம். பெரும்பாலான வீட்டுக் கணக்குகளுக்கு மின்சாரம், கொள்திறன், கம்பி வலை என்ற மூன்று கட்டணங்களையும் சேர்த்தால் யூனிட்டுக்கு 44.43 சென் வருகிறது. மாதம் 200 யூனிட்டுக்குள் செலவிடும் வீட்டுக்குச் சிக்கன ஊக்கத்தொகையாக யூனிட்டுக்கு 25 சென் கழிக்கப்படுகிறது. மிஞ்சுவது 19.43 சென். இரண்டு மின்விசிறி, ஒரு சிறு குளிர்பதனப் பெட்டி, நாலு விளக்கு, ஒரு தொலைக்காட்சி, வாரத்தில் சில நாள் சலவை இயந்திரம் என்று வாழும் குடும்பம் மாதம் 150 யூனிட் செலவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பில் 29 ரிங்கிட் 15 சென். அந்தக் குடும்பம் அரசின் ஈகாசே பட்டியலில் பரம ஏழை என்று பதிவாகியிருந்தால் மாதம் 40 ரிங்கிட்வரை மின்கட்டணக் கழிவு உண்டு. கட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

அதே குடும்பம், அதே விசிறி, அதே 150 யூனிட். ஆனால் இருபது வீடுகளுக்கும் சேர்த்து ஒரே மீட்டர், அதுவும் கம்பெனி பெயரில். வீட்டுக்கு நாளுக்கு 5 யூனிட் என்றால் இருபது வீட்டுக்கு 100 யூனிட். சிக்கனக்காரருக்கென்று வைத்த 200 யூனிட் எல்லை மாதத்தின் இரண்டாம் நாள் இரவே முடிந்துபோகும். அது வீட்டுக் கணக்கும் இல்லை. அந்த இருபது குடும்பங்களும் தனித்தனியே எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் மீட்டருக்கு அவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே பெரிய செலவாளி. 40 ரிங்கிட் கழிவு வர ஒரு மின்கணக்கு எண் வேண்டும். அவர்களிடம் எண் இல்லை. முதலாளி நல்லவராக இருந்து மின்சாரத்தை இலவசமாகவோ மலிவாகவோ கொடுக்கலாம். அப்படிப்பட்ட தோட்டங்களும் உண்டு. அங்கே அது தயவாகக் கிடைக்கிறது. கம்பத்து வீட்டில் அதே சலுகை உரிமையாகக் கிடைக்கிறது.

மற்றத் திட்டங்களும் இதே வாசலில்தான் நிற்கின்றன. நட்சத்திரக் குறி அதிகமுள்ள குளிர்பதனப் பெட்டியோ ஏர்கோனோ வாங்கினால் 200 ரிங்கிட் கழிவு தரும் 'சேவ்' திட்டத்தின் இரண்டாம் சுற்று 2021இல் வந்தது. வீட்டு மின்கணக்கு உள்ளவருக்குத்தான் அது. புதிதாக வாங்கவும் கையில் காசு வேண்டும். தோட்டத்து வீட்டுக்கு வந்து சேரும் பெட்டி பெரும்பாலும் இன்னொரு வீட்டில் பத்து வருடம் உழைத்துத் தள்ளப்பட்டது. வாங்கும்போது மலிவு, ஓடும்போது புதுப் பெட்டியைவிட அதிகம் தின்னும். ஏழை வீடு குறைவாக மின்சாரம் செலவிடுகிறது என்று புள்ளிவிவரம் சொல்வது உண்மை. ஆனால் செலவிடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அந்த வீட்டுக்குக் கிடைக்கும் குளிர்ச்சி குறைவு, வெளிச்சம் குறைவு. குறைந்த செலவைச் சிக்கனம் என்று புகழ்கிற கட்டுரைகளை வாசிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பிப்ரவரி, மார்ச் வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் ஒரே விசிறி முன்னால் ஐந்து பேர் படுத்திருப்பது பற்றாக்குறை. அதைச் சிக்கனம் என்று எழுதக்கூடாது. ஒரு குதிரைச் சக்தி ஏர்கோன் இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் மாதத்துக்குச் சுமார் 190 யூனிட். ஒரு விசிறி நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் 25 யூனிட். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் இருப்பது தூக்கம்.

கூரைச் சூரிய மின்சாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2011ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்தோடு தொடங்கி, 2021இல் வந்த வீட்டுக் கூரைத் திட்டம் வரை எல்லாவற்றுக்கும் சொந்தக் கூரை வேண்டியிருந்தது. லயத்துக் கூரை கம்பெனியுடையது.

உலு சிலாங்கூர்ப் பக்கம் உள்ள ஐந்து தோட்டங்களின் கதையை இங்கே சொல்லாமல் போக முடியாது. மேரி, நைகல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக். நிலம் கைமாறிய பிறகு அங்கே வேலை செய்த 245 குடும்பங்கள் சொந்த வீடு கேட்டு இருபது ஆண்டுகளுக்கும் மேல் போராடி வருகின்றன. அண்மை ஆண்டுகளில் கூட்டரசும் மாநில அரசும் அவர்களுக்கான வீடமைப்புத் திட்டத்தை அறிவித்துள்ளன. அந்தப் புக்கிட் தாகாரில்தான் 2005 முதல் கோலாலம்பூரின் குப்பை வந்து நிறைகிறது. அந்தக் குப்பை அழுகி எழும் வாயுவிலிருந்து மின்சாரம் எடுத்து நாட்டின் கம்பி வலைக்கு விற்கிறார்கள். பசுமை மின்சாரம் என்று அதற்குக் கூடுதல் விலையும் கிடைத்தது. அந்தக் கூடுதல் விலைக்கான நிதி, மாதம் 300 யூனிட்டுக்கு மேல் செலவிடும் வீடுகள் உட்பட, நாட்டு மக்களின் மின்பில்லிலிருந்து எடுக்கப்பட்டது. குப்பைக்குக்கூட அந்த மண்ணில் ஒரு மீட்டர் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டியவர்களுக்குத் தங்கள் பெயரில் ஒன்று கிடைக்க இத்தனை காலம் ஆகிறது.

தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் பத்தாங் பெர்ஜுந்தாயிலும் (இன்று அது பெஸ்தாரி ஜெயா) ரவாங்கிலும் புக்கிட் பெருந்துங்கிலும் மலிவு விலை வீடுகளுக்கும் அடுக்கு மாடிகளுக்கும் போனார்கள். அங்கே முதல்முறையாகத் தங்கள் பெயரில் பில் வந்தது. பலருக்கு அது பெருமை. உறையைப் பிரித்துப் பெயரைப் பார்த்து, பத்திரமாக மடித்து வைத்தவர்கள் உண்டு. கூடவே பாக்கியும் வந்தது. சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்தவரை தெரியாத தொகை இப்போது மாதக் கடைசியில் கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டிய தொகையானது. கட்டத் தவறினால் கம்பி வெட்டப்படும். தோட்டத்து முற்றமும் விறகடுப்பும் அங்கே இல்லை. மின்சாரமும் கேஸும் தவிர வேறு வழி இல்லாத முதல் தலைமுறை அதுதான். அந்தத் தலைமுறையின் வீட்டுப் பழக்கத்தில் எஞ்சின் காலம் இன்னும் இருக்கிறது. ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் பாட்டி எழுந்து போய் அணைப்பார். சிக்கனம் என்று அதைச் சொல்கிறோம். எப்போது நின்றுவிடுமோ என்ற பழைய பயமும் அதற்குள் இருக்கிறது.

இன்று லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் குறைந்துவிட்டன. இந்தோனேசியர்களும் வங்காளதேசத்தவர்களும் நேப்பாளிகளும் அதே வீடுகளில் இருக்கிறார்கள். 2019இல் திருத்தப்பட்டு 2020 ஜூனில் நடப்புக்கு வந்த 446ஆம் எண் சட்டம் தோட்டத்தைத் தாண்டி மற்றத் துறைகளின் தொழிலாளர் விடுதிகளையும் இப்போது பார்க்கிறது. ஆனால் மீட்டர் மாறவில்லை. நம் தாத்தா பாட்டிகள் நின்ற இடத்தில் இன்று வேறு மொழி பேசும் ஒருவர் நிற்கிறார். நம் மக்கள் வெளியேறிவிட்டார்கள் என்பதற்காக இந்தக் கேள்வியைக் கைவிடுவது நியாயமாகாது.

சிலாங்கூர் பணக்கார மாநிலம். 2022 கணக்கில் நாட்டின் நடுநிலை வீட்டு வருமானம் மாதம் 6,338 ரிங்கிட், சிலாங்கூரின் நடுநிலை வருமானம் 9,983 ரிங்கிட். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். மாநிலத்தின் நடுநிலை எண்ணுக்குள் தோட்டத்து வீடு கரைந்துபோகிறது. ஒரே மீட்டருக்குப் பின்னால் இருக்கும் இருபது வீடுகள் மின்கட்டணப் புள்ளிவிவரத்தில் இருபது வீடுகளாகத் தெரிவதில்லை.

இதைச் சரிசெய்யப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டியதில்லை. 446ஆம் எண் சட்டத்தில் "போதிய மின்சாரம்" என்றிருக்கும் இடத்தில் வீட்டுக்கு ஒரு மீட்டர், குடியிருப்பவர் பெயரில் ஒரு கணக்கு என்று சேர்க்க வேண்டும். அது வரும்வரை, கம்பெனி மீட்டருக்குப் பின்னால் இருக்கும் ஏழைக் குடும்பங்களை வீட்டு எண்ணை வைத்தே கழிவுத் திட்டத்தில் பதிய வேண்டும். ஐந்து தோட்டத்து 245 வீடுகளுக்குச் சாவி கொடுக்கும் அன்றே, கூரையில் சூரியத் தகடும் பொருத்திக் கொடுக்கலாம். கட்டும்போதே பொருத்துவது பின்னால் பொருத்துவதைவிடச் சுலபம்.

வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் யாராவது இருந்தால் மூன்று கேள்விகள் கேட்டு எழுதி வையுங்கள். உங்கள் லயத்துக்கு எந்த வருடம் கரண்டு வந்தது? இரவு எத்தனை மணிக்கு எஞ்சினை நிறுத்துவார்கள்? உங்கள் பெயரில் முதல் பில் எப்போது வந்தது? தோட்டத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.